போர்த்திய பொன்னாடையைத் திரும்பக் கேட்பது எப்படி?

1

இந்தக் கதையை எழுதுவதற்குக் காரணம், அன்று நானும் கைதட்டினேன் என்பதுதான்.

கொள்கைப் பிடிப்பினால் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. லஸ் பக்கத்து மினி ஹாலில் எட்டு மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மடியில் தடிமனான ஒரு மொழிபெயர்ப்பு நாவல். அதில் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு நாடே புரட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேடையில் ஒரு துணிப் பதாகை: ‘மரபணு மாற்றப்பட்ட விதைகளை எதிர்ப்போம்!’ எதிர்க்கப்பட வேண்டிய அரசு அதிகாரி வந்தார். பதாகைக்குக் கீழே அவரை உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஒரு கையால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தொடையில் தட்டினேன். அதுவும் கைதட்டல்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்று பேசப்பட்டது பருத்தி. 1999 பிப்ரவரி, பக்கத்து மாநிலங்களில் சோதனைப் பருத்தி வயல்களை விவசாயிகள் கொளுத்தினார்கள் என்று பேப்பரில் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆனால் இந்தக் கதையில் பருத்தியைக் கத்திரிக்காயாக மாற்றிவிட்டேன். பெருங்குடியில் அப்படி ஒரு கத்திரிச் சோதனை நடந்ததா என்று தேடிப் போகாதீர்கள். நடக்கவில்லை. நான் நட்டது. பருத்திக்காக மயிலாப்பூர் கோபப்படாது. வேட்டி எப்படியும் கடையில் கிடைக்கும். கத்திரிக்காய் என்றால் ரசவாங்கிக் குழம்பு. அங்கே கை வைத்தால் மயிலாப்பூர் கமிட்டி போடும்.

(பயிரின் மரபணுவை மாற்றக் கம்பெனிகளுக்குப் பத்து வருடம் ஆகிறது. எனக்கு ஒரு பத்தி போதுமாக இருந்தது.)

2

தொடக்கங்கள்:

‘பனி பெய்துகொண்டிருந்தது. வண்டியிலிருந்து இறங்கிய முதிய குடியானவன் கங்காதரன், கம்பளித் தொப்பியைக் கழற்றி—’ [வேண்டாம். சென்னையில் தொப்பியைக் கழற்றினால் வியர்வைதான் கொட்டும்.]

‘ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தான் கங்காதரன். அதில் அவனுடைய—’ [பெருங்குடியில் மண்ணை முகர்ந்தால் குப்பைமேட்டின் நெடிதான் வரும். அவனே முகர மாட்டான்.]

‘ஹம்சாவின் ஸ்கூட்டி தெற்கு மாட வீதியில், சுப்பம்மாவின் காய்கறிக் கடை முன்னால் நின்றது.’

இது சுமாரான வாக்கியம். ஆனால் பொய் இல்லை. இதிலிருந்தே போகலாம்.

3

ஹம்சாவுக்கு இருபத்தாறு வயது. தி. நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கம்ப்யூட்டரில் டைப் செய்கிறாள். அந்த ஒரு தகுதியின் பேரில் ‘மயிலை விதைப் பாதுகாப்புக் குழு’வின் செயலாளர் ஆனாள். குழுவில் மொத்தம் ஏழு பேர். மற்ற ஆறு பேருக்கும் கருத்துகள் இருந்தன, டைப் தெரியாது.

அன்று புதன்கிழமை. சுப்பம்மா ஒரு காகிதத்தை நீட்டினாள். தெருவோரக் கடைதான், சாக்கு விரித்து, தராசு வைத்து. பெருங்குடியில் அவள் புருஷன் கங்காதரன் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் விளைவதை அவள் இங்கே கொண்டுவந்து விற்கிறாள்.

“இத்தப் படிச்சி சொல்லு பாப்பா. காலைலருந்து மூணு பேராண்ட காட்டிட்டேன். மூணு பேரும் ‘கவர்மெண்டு லெட்டரு’ன்றாங்கோ. அது எனக்கே தெரிது.”

ஹம்சா படித்தாள். கங்காதரனின் நிலத்தை ஒட்டி ஒரு கம்பெனி புதுவகைக் கத்திரியைச் சோதனைக்காகப் பயிரிட்டிருந்தது. சோதனை வயலைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குள் வேறு கத்திரிச் செடி இருக்கக்கூடாது, மகரந்தம் கலந்துவிடும். எனவே கங்காதரனின் செடிகள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அகற்றப்படும்.

“உங்க செடியோட காத்து பக்கத்து வயல்மேல அடிக்கக் கூடாதாம். அதனால உங்க செடியை எடுத்துடுவாளாம்.”

“யாரு மொதல்ல வந்தாங்கோ? நாங்க நட்டு ரெண்டு மாசம் ஆச்சி. அவங்க வேலி போட்டு இருவது நாளுகூட ஆவல.” சுப்பம்மா தராசுத் தட்டில் இருந்த வெண்டைக்காயைத் திரும்பக் கூடையில் கொட்டினாள். “இப்பதான் காய் புடிக்கிது பாப்பா. இன்னும் மூணு மாசம் காய்க்கும். அத நம்பித்தான் குந்திகினுகீறோம்.”

“சனிக்கிழமை எங்க கூட்டத்துக்கு, இந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்ட ஆபீசரே வரார். உங்க வீட்டுக்காரரை அழைச்சுண்டு வாங்கோ. அவர் முன்னாடியே பேசட்டும்.”

“பேசினா உட்டுருவாங்களா?”

“நான் பொறுப்பு.”

எழுத்தாளனாகிய நான் இந்த இடத்தில் ஹம்சாவின் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். குழுவின் செயலாளருக்குப் பொறுப்பு என்று ஒன்றும் கிடையாது, டைப்ரைட்டிங் மட்டும்தான். ஆனால் சொல்லிவிட்டாள். சுப்பம்மாவும் நம்பிவிட்டாள், அன்று வெண்டைக்காயோடு இரண்டு எலுமிச்சம்பழமும் பையில் போட்டாள்.

4

கங்காதரன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

நான் படித்த நாவல்களில் விவசாயி குறைவாகப் பேசுவான். பேசினால் வானத்தைப் பார்த்துப் பேசுவான். இந்த ஆள் டெரிகாட்டன் சட்டை போட்டிருக்கிறான், டிவிஎஸ் ஐம்பதில் வருகிறான், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறான். இவனை எடுத்துவிட்டு வேறு ஒருவனைப் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போட்டால் சுப்பம்மா, “எங்கூட்டுக்காரு எங்க?” என்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

குழுவுக்கும் அதே ஏமாற்றம்தான். வெள்ளிக்கிழமை மாலை தலைவர் சுப்பராமன் வீட்டில் ஒத்திகை நடந்தது. சுப்பராமன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து ஏதாவது ஒன்றின் தலைவராக இருக்கிறார். பக்கத்தில் துணைத் தலைவர் ஜானு மாமி.

“மைக்கைப் பிடிச்சதும், ‘விதை எங்கள் தாய்’னு ஆரம்பிச்சுடுங்கோ,” என்றார் சுப்பராமன்.

“வெத பாக்கெட்ல வாங்கறேன் சார். அடையார்ல கடை கீது.”

“அதை மேடையில சொல்லப்படாது.”

“அந்தப் புதுக் காயில பூச்சி உழாதுன்றாங்கோ. நெஜமாவே உழலன்னா நல்லதுதான சார்? வாரத்துக்கு ரெண்டு வாட்டி மருந்து அடிச்சி என் கண்ணு எரியிது.”

ஜானு மாமி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். “ரெண்டு தடவை மருந்தா? நாங்க சாப்பிடற கத்திரிக்காயிலயா?”

“தண்ணில அலசிட்டுதான் மாமி அனுப்பறோம்.”

சுப்பராமன் பொறுமையை வரவழைத்துக்கொண்டார். “சரி, நீங்க எதைத்தான் எதிர்க்கறேள்?”

“அவங்க இன்னா வேணா நட்டுக்கட்டும் சார். என் செடிய இன்னாத்துக்குப் புடுங்கணும்? காத்து ரெண்டு பக்கமுந்தான் அடிக்கிது. அங்கருந்து என் செடிமேல பட்டா ஆராய்ச்சி. என் செடிலருந்து அங்க பட்டா குத்தமா?”

இயக்கம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் சொன்னதிலேயே ஒழுங்கான வாக்கியம் இது என்று ஹம்சாவுக்குத் தோன்றியது. நோட்டுப் புத்தகத்தில் எழுதப் போனாள்.

“அது வேண்டாம், ஹம்சா. ரொம்ப லோக்கல் மேட்டரா இருக்கு,” என்றார் சுப்பராமன். “‘விதை எங்கள் தாய்.’ அங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்.”

கங்காதரன் கிளம்பிய பிறகு ஹம்சா நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “மாமா, நாம எதிர்க்கறவருக்கு எதுக்குப் பொன்னாடை?”

சுப்பராமனுக்கு நிஜமாகவே கேள்வி புரியவில்லை. “சீஃப் கெஸ்ட்டுடீ. ஆத்துக்கு வந்தவாளுக்குத் தீர்த்தம்கூடக் குடுக்காம சண்டை போடுவாளோ? கருத்து வேற, மரியாதை வேற.”

5

நிகழ்ச்சி நிரல், ஹம்சா டைப் செய்தபடி: இறைவணக்கம், வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, வாழ்த்துமடல், சிறப்புரை, விவசாயி உரை (மூன்று நிமிடம்), நன்றியுரை.

புரட்சி எங்கே என்று தேடுகிறீர்களா? பதாகையில் இருந்தது.

இறைவணக்கம் ஜானு மாமி. பல்லவியோடு நிறுத்துவதாகத்தான் பேச்சு. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம், நல்ல மைக், எதிரே எழுபது பேர். சரணத்துக்குப் பிறகு ஸ்வரம் வேறு பாடினாள். பதினான்கு நிமிடம். முன்வரிசை தலையாட்டியது. அதிகாரி ராகவேந்திரனும் தொடையில் தாளம் போட்டார். பாவம், நல்ல ரசிகர்.

(எந்தத் துறை அதிகாரி என்று சொல்ல மாட்டேன். ஒரு துறை. ஆபீஸ் நந்தனத்தில். அது போதும்.)

பிறகு வாழ்த்துமடல். சுப்பராமனே எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ‘உழவர்தம் இடர் களைய வந்த உத்தமரே! பசுமை வளர்க்கும் பண்பாளரே!’ குழுத் தலைவர் என்று கீழே அவருடைய கையெழுத்து. ராகவேந்திரன் பொன்னாடையோடும் சட்டத்தோடும் நின்றார். ஒரு புகைப்படக்காரர் படம் எடுத்தார். சிறப்புரையில் ராகவேந்திரன் இருபத்தோராம் நூற்றாண்டைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். புதிய விவசாயக் கொள்கை ஒன்று வருகிறது. அதில் விவசாயியே மையம். மூன்றாவது வரிசையில் மையம் உட்கார்ந்து கையில் காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டிருந்தது.

அடையாறில் ஒரு கல்யாண வரவேற்பு இருப்பதாகச் சொல்லி அதிகாரி எழுந்தார். சுப்பராமன் வாசல்வரை கூடவே போனார். கங்காதரன் பதறி எழுந்து நின்றான். வழியனுப்ப எழுந்ததாக நினைத்த ராகவேந்திரன் அவனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

“இப்போது விவசாயி உரை,” என்றாள் ஹம்சா. அதே நேரத்தில் காப்பி வந்தது.

கங்காதரன் மேடையேறினான். காலி நாற்காலியைப் பார்த்தான். ‘விதை எங்கள் தாய்’ மறந்துவிட்டது. காற்று ரெண்டு பக்கமும் அடிக்கிறது என்றான். செடி காய் பிடித்திருக்கிறது என்றான். டவரா டம்ளர் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியை நான்

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மீதியை நான் ஊகித்து எழுதினால் நன்றாக இருக்கும். அதனால்தான் வேண்டாம்.]

சுப்பம்மா கடைசி வரிசையில் நின்று கேட்டாள். முடிந்ததும் ஹம்சாவிடம் வந்தாள். “பேசிட்டாரு. ஆனா அந்த ஆபீசரு எங்க பாப்பா?”

6

திங்கட்கிழமை பேப்பரில், நகரச் செய்திகள் பக்கத்தில், படம் வந்தது. பதாகை சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. பொன்னாடை, கண்ணாடிச் சட்டம், சுப்பராமனின் சிரிப்பு. கீழே: ‘புதிய விதைக்கு மயிலாப்பூர்வாசிகள் வரவேற்பு.’

“போட்டோ நன்னா விழுந்திருக்கு,” என்றாள் ஜானு மாமி போனில். “கீழ என்னமோ தப்பா போட்டிருக்கான்.”

செவ்வாய்க்கிழமை மதியம் ஹம்சா ஆபீசில் பர்மிஷன் கேட்டுக்கொண்டு நந்தனம் போனாள். ராகவேந்திரன் அவளை உட்காரச் சொன்னார். என் கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. இவர் டீ சொல்லிவிட்டார்.

“கங்காதரன் கேஸ்தானே? ஞாபகம் இருக்கும்மா,” என்று கோப்பைத் திறந்தார். “இதோ அவருக்கு அனுப்பின நோட்டீஸ். இதோ கம்பெனி லெட்டர். பொதுமக்கள் கருத்து என்னன்னு மேலிடத்துல கேட்டிருந்தா. இதோ பொதுமக்கள் கருத்து.”

சட்டத்திலிருந்து பிரித்தெடுத்த வாழ்த்துமடல். ஓரத்தில் துளையிட்டு நாடா கட்டியிருந்தது. பக்க எண் முப்பத்தொன்று.

“சார், அது எதிர்ப்புக் கூட்டம்!”

“அப்படியா? யாருமே எதிர்க்கலையேம்மா. ஒரு பாட்டு, ஒரு பொன்னாடை. பாட்டு பிரமாதம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்கு மட்டும் அந்தச் செடியைப் பிடுங்கணும்னு ஆசையா? உங்க தலைவரை ஒரு லெட்டர் எழுதச் சொல்லு. பொன்னாடை வேற, சம்மதம் வேற, இந்த உத்தரவை எதிர்க்கறோம்னு நாலு வரி. இந்தக் கையெழுத்து போட்டவரே அதுலயும் போடணும். அதை வெச்சு ‘மறுபரிசீலனை’ன்னு குறிப்பு எழுதிடறேன். அப்படி ஒரு குறிப்பு விழுந்தா ஆறு மாசத்துக்கு யாரும் கோப்பைத் தொடமாட்டா.”

“செடி மூணு மாசம்தான் சார் காய்க்கும்.”

“அப்போ சரியாப் போச்சு.” ராகவேந்திரன் முதல் முறையாகச் சிரித்தார். “வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜீப் கிளம்பும். அதுக்குள்ள என் மேஜைக்கு வரணும்.”

அரசாங்கத்தின் தாமதம் ஒரு விவசாயிக்கு உதவப்போகும் அபூர்வமான கதை இது. நான் பரவசமடைந்தேன். நாலு வரி, ஒரு கையெழுத்து. கதை முடிந்துவிட்டது என்று பேனாவை மூடி வைத்தேன்.

7

மூடியிருக்கக் கூடாது. புதன்கிழமை குழுவின் அவசரக் கூட்டம்.

“கூப்ட்டு மரியாதை பண்ணிட்டு, அப்புறம் அது மரியாதை இல்லேன்னு லெட்டர் போடறதா?” சுப்பராமனின் முகம் சிவந்திருந்தது. “நாளைக்கு எந்தச் சபாவுல என் மூஞ்சியைக் காட்டுவேன்? போர்த்தினதைத் திருப்பிக் கேக்கற கமிட்டின்னு சொல்லமாட்டாளோ?”

“பொன்னாடையை யாரும் திருப்பிக் கேக்கலை மாமா. அது அவர்கிட்டயே இருக்கட்டும். சம்மதம் இல்லேன்னு மட்டும்—”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“நீங்கதானே மாமா ரெண்டும் வேற வேறன்னேள்?”

மயிலாப்பூரில் பெரியவர்களிடம் அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வது பெரிய அபசாரம்.

ஜானு மாமிதான் வழி சொன்னாள். “அடுத்த மாசம் அவரையே இன்னொரு தரம் கூப்பிடலாம். ஒரு சால்வையைப் போட்டு, நேர்லயே பக்குவமா சொல்லிடலாம். நான் வேணா சின்னதா ஒரு பாட்டு—”

“மாமி, வெள்ளிக்கிழமை ஜீப் வரது.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, ஹம்சாவைத் தவிர. கடிதத்தின் மொழிநடையை ஆராய மூவர் உபகுழு. பதினைந்து நாளில் அறிக்கை. ஹம்சா அதையும் டைப் செய்தாள். பிறகு யாரும் கேட்காமலேயே, அந்த நாலு வரிக் கடிதத்தையும் டைப் செய்தாள்.

8

வியாழக்கிழமை மாலை, தெற்கு மாட வீதி. சுப்பம்மாவின் சாக்கில் வெண்டை இல்லை, கீரை இல்லை. கத்திரி மட்டும்தான், குவியல் குவியலாக. கட்டைவிரல் அளவு, சுண்டுவிரல் அளவு, சிலதில் பூவின் இதழ்கூட உதிரவில்லை. கூட்டம் மொய்த்தது.

சுப்பராமனும் பையோடு நின்றுகொண்டிருந்தார். ஹம்சாவைப் பார்த்ததும் உற்சாகமாகக் கூப்பிட்டார். “ஹம்சா, பாத்தியா எத்தனை இளசு! விதையே கட்டலை. இந்த மாதிரி பிஞ்சு நான் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ரெண்டு கிலோ போடும்மா.”

“போடறேன் சாமி.” சுப்பம்மா நிறுத்துக்கொண்டே சொன்னாள். “நாளிக்கி வந்தா கெடைக்காது. பத்து மணிக்குப் புடுங்க வராங்கோ. உட்டு வெச்சா மண்ணுக்குத்தான் போவும்னு காலைலருந்து அல்லாத்தியும் பறிச்சிட்டோம். பெருசாவறதுக்குள்ள.”

சுப்பராமன் அவளைப் பார்த்தார். எங்கே பார்த்த முகம் என்று தேடினார்.

“எங்கூட்டுக்காருதான் உங்க மேடைல பேசினாரு. நீங்க அப்ப அந்த ஆபீசர வண்டி ஏத்திகினு இருந்தீங்கோ.”

தராசு நேராக நின்றது. அவர் பையைப் பிடிக்கவில்லை. ஹம்சா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, ஸ்கூட்டி சீட்டின் மேல் வைத்து, மூன்றாவது வரியைப் பேனாவால் அடித்து மாற்றி எழுதி, காற்றில் பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

“உபகுழு போட்டிருக்கோமே, ஹம்சா.”

“ஆமா மாமா.”

“ராகவேந்திரன் என்ன நினைச்சுப்பான்? அவ்வளவு ரசிச்சுக் கேட்டான்...”

“லெட்டரைக் கேட்டதே அவர்தான் மாமா.”

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கடிதத்தைப் படித்து ராகவேந்திரன் கண்ணீர் விடுகிறார். நந்தனத்தில் ஆபீஸ் நேரத்தில் யாரும் அப்படி அழுவதில்லை. இன்னொன்றில் ஹம்சாவே அந்தக் கையெழுத்தைப் போட்டுவிடுகிறாள். அவளால் முடியும், அத்தனை தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் அப்புறம் பொறுப்பு முழுவதும் மறுபடி அவள் தலையில். மூன்றாவதில் சுப்பராமன் போடுகிறார். இரண்டு பக்கம் வந்தது. செடிக்குப் புதுப் பூ வைத்தேன், கங்காதரனுக்கு ஸ்கோர் கேட்க நேரம் கொடுத்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. உங்களுக்கும் வந்துவிடும் என்று பயந்து கிழித்துவிட்டேன்.

ஆகையால் இங்கே நிறுத்துகிறேன். பேனா திறந்திருக்கிறது. சுப்பராமனை உங்களுக்குத் தெரியும். உங்கள் மாமாவாக இருக்கலாம், உங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவராக இருக்கலாம், காலையில் கண்ணாடியில் பார்ப்பவராகவும் இருக்கலாம். நல்லவர்தான். யார் மனதையும் புண்படுத்தாதவர். அவர் என்ன செய்வார் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கடிதம் இதுதான்:

ஐயா,
சனிக்கிழமை நாங்கள் போர்த்திய பொன்னாடை மரியாதைக்காக, சம்மதத்துக்காக அல்ல. பெருங்குடி கங்காதரனின் கத்திரிச் செடிகளைப் பிடுங்கும் உத்தரவை எதிர்க்கிறோம். காய்களைப் பறித்துவிட்டார்கள், செடிகள் இன்னும் நிற்கின்றன. மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறோம்.

இப்படிக்கு,

..........................................

“இன்னா சாமி, யோசிச்சிகினே கீறீங்கோ?” என்கிறாள் சுப்பம்மா. “பையப் புடிங்கோ. இல்லாட்டி அந்தக் கைய அந்த லெட்டர்ல வெய்ங்கோ. எனக்கு பஸ்ஸு போய்ரும்.”